தடுக்கப்பட்டவை: இரண்டு

ஆகஸ்ட் 2, சனி

இது டைரி இல்லை. லாக் புக். மின்வாரியத்தில் முப்பத்திரண்டு வருஷம் குப்பை கொட்டியவன் நான். எந்தச் சாதனத்தில் கை வைத்தாலும் தேதி போட்டு எழுதி வைக்கிற பழக்கம், ஓய்வு பெற்று மூன்று வருஷமாகியும் போகவில்லை. சொந்தக் கதை, சோகக் கதையெல்லாம் இதில் வராது.

பணி: வீட்டு வைஃபை கன்ட்ரோலர் மென்பொருளை அப்டேட் செய்தல். கெடு: ஆகஸ்ட் 16 காலை.

ஏன் 16 என்று யாராவது கேட்டால், பாதுகாப்புக் காரணம். பழைய வெர்ஷனில் ஓட்டை இருக்கிறதாம்.

சம்பந்தமில்லாத செய்தி ஒன்று. 18ஆம் தேதி என் மனைவி வசுமதிக்குக் கண்புரை ஆபரேஷன். துணைக்கு இருக்க அவளுடைய மகள் 16ஆம் தேதி புனேயிலிருந்து வருகிறாளாம். கூடவே அந்தப் பையனும். இரண்டு வாரம் தங்கி, இங்கிருந்தே ஆபீஸ் வேலை பார்ப்பார்களாம்.

"சொல்லியாச்சு. அப்புறம் எங்கிட்ட யாரும் சொல்லலைன்னு குதிக்கக் கூடாது" என்றாள் வசுமதி.

"எனக்கென்ன? வந்தா வரட்டும்" என்றேன்.

ஆகஸ்ட் 4, திங்கள்

யாரும் படிக்கப் போவதில்லை. இருந்தாலும் முறை என்று ஒன்று இருக்கிறதே, நிலவரத்தை எழுதிவிடுகிறேன்.

ராணிப்பேட்டை வீட்டில் மூன்று வைஃபை பெட்டிகள்: ஹாலில் ஒன்று, மாடியில் ஒன்று, கேட்டுக்கு எதிரே போர்ட்டிகோவில் ஒன்று. மூன்றுக்கும் உத்தரவு போடுவது கன்ட்ரோலர் என்கிற மென்பொருள். அது ஓடுவது, சமையலறைச் சுவரில் இன்வெர்ட்டருக்கு மேல் தட்டில் இருக்கும் ஒரு சின்னக் கறுப்புக் கம்ப்யூட்டரில். அதிலும் சும்மா ஓடாது, கண்டெய்னருக்குள் ஓடும். கண்டெய்னர் என்றால் பெரிய வித்தையில்லை, டிபன் கேரியர் அடுக்கு மாதிரி. சாம்பார் ரசத்தோடு கலக்காது.

மார்ச்சில் ஒரு பவர் கட்டுக்குப் பிறகு கன்ட்ரோலர் எழுந்திருக்கவில்லை. நானும் விட்டுவிட்டேன். பெட்டிகள் கடைசியாகப் போட்ட உத்தரவை வைத்துக்கொண்டு தாமாக ஓடும். ஆனால் உத்தரவை மாற்ற வேண்டுமென்றால் கன்ட்ரோலர் வேண்டும்.

அந்தக் கறுப்பு டப்பாவின் மேல்தான் வசுமதி பாலுக்கு உறை ஊற்றி வைக்கிறாள். இளஞ்சூட்டில் தயிர் கத்தியால் வெட்டுகிற மாதிரி உறைகிறதாம். அதற்காக ஒருத்தன் அங்கே டேட்டாபேஸ் வைத்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

லாக் புக்கில் உண்மையை மறைக்கக் கூடாது. மறைத்தால் அடுத்த ஷிப்டுக்காரன் சாவான். எழுதித் தொலைக்கிறேன்.

போன வருஷம் ஜூன் 10. சுடர்விழி போன் செய்தாள். "அப்பா, இன்னைக்கு ரிஜிஸ்டர் ஆபீஸ்ல எனக்கும் அனிமேஷுக்கும் கல்யாணம் முடிஞ்சுது. ஆறு மாசமா உங்ககிட்டப் பேசிப் பேசிப் பாத்துட்டேன்."

"எனக்கு மகளே இல்ல, தலைமுழுகிட்டேன்!" என்று கத்திவிட்டுப் போனை வைத்தேன். தலைமுழுகுவதென்றால் முறைப்படி குளிக்க வேண்டும். நான் குளிக்கவில்லை. நேரே போய்க் கன்ட்ரோலரைத் திறந்தேன். பட்டியலில் அவள் போன், அவள் லேப்டாப் இரண்டையும் தேடிப் பிடித்துத் தடை போட்டேன். புனேயில் இருக்கிறவளுக்கு ராணிப்பேட்டையில் வைஃபை கட். பாக்கி வைத்தவன் வீட்டில் ஃபியூஸைப் பிடுங்கியே பழகின கை. ஆத்திரம் வந்தால் அதற்கு வேறு வேலை தெரியாது.

16ஆம் தேதி அவள் வந்து இறங்குவாள். எல்லார் போனும் வைஃபையைப் பிடிக்கும், அவளுடையது மட்டும் பிடிக்காது. கம்ப்யூட்டர் எஞ்சினியர் அவள், ஒரே நிமிஷத்தில் கண்டுபிடித்துவிடுவாள். கோபத்தில் கத்திய அப்பாவை மன்னிக்கலாம். நிதானமாக உட்கார்ந்து, தேடி, பெயரைப் பார்த்து, பட்டனை அமுக்கிய அப்பாவை என்ன சொல்வாள்?

ஆகவே அவள் வருவதற்குள் தடையை எடுத்துவிட வேண்டும், நடந்த சுவடே தெரியாமல். வசுமதிக்கும் இது தெரியாது.

ஆகஸ்ட் 6, புதன்

கண்டெய்னரை எழுப்பினேன். நாற்பது விநாடி ஓடும், விழும். மறுபடி எழும், விழும். காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை இதே கூத்து.

படித்துப் பார்த்ததில் விஷயம் இதுதான். பழைய மாதிரிக் கண்டெய்னரைக் கைவிட்டுவிட்டார்களாம். அதில் கன்ட்ரோலரும் டேட்டாபேஸும் ஒரே அடுக்கில் கூட்டுக் குடும்பமாக இருந்தன. புது மாதிரியில் டேட்டாபேஸுக்குத் தனிக்குடித்தனம். நாம்தான் வீடு பார்த்து வைக்க வேண்டும். அதுவும் எந்த வெர்ஷனுக்கு எந்த வெர்ஷன் சேரும் என்று ஒரு பக்க அட்டவணை.

வாய்விட்டுப் படித்துவிட்டேன் போலிருக்கிறது. "இதுக்குமா பொருத்தம் பாக்கறீங்க?" என்று அடுக்களையிலிருந்து குரல்.

ஆகஸ்ட் 7, வியாழன்

புத்தி வந்தது. சுடர் புதுப் போன் வாங்கியிருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்ததே! நைஸாக விசாரித்தேன்.

"ஏம்மா, இந்தக் காலத்துப் பசங்க வருஷத்துக்கு ஒரு போன் மாத்துறாங்களாமே?"

"யார் மாத்துறாங்க?"

"பொதுவாச் சொன்னேன்."

"பொதுவா, சுடர் மாத்தல. காலேஜ் முடிச்சதும் நீங்க வாங்கிக் குடுத்த அதே போன்தான். கண்ணாடி கீறல் விட்டும் அதையே வச்சிக்கிட்டு அழுவுது" என்றாள், கறிவேப்பிலை உருவிக்கொண்டே.

சரி.

இன்னொரு வழியும் உண்டு. மூன்று பெட்டியிலும் பின்னாலிருக்கும் ஓட்டையில் குண்டூசியைக் குத்திப் பிடித்தால் எல்லாம் அழிந்து புதிதாகிவிடும். தடையும் போய்விடும். ஆனால் பட்டியலும் போய்விடும். டிவி, கேமரா, இன்வெர்ட்டர் எல்லாவற்றையும் திரும்பச் சேர்க்க வேண்டும், பெரிய தலைவலி. அதனால் வேண்டாம்.

அந்தப் பட்டியலில் ஒவ்வொரு சாதனத்துக்கும் நானே பெயர் வைத்திருக்கிறேன். வசு போன். ஹால் டிவி. சுடருடையது 'குட்டி ஏ.ஈ. போன்', 'குட்டி ஏ.ஈ. லேப்டாப்'.

காரணம் உண்டு. மின்வாரியத்தில் லைனில் கை வைக்குமுன் 'லைன் கிளியர்' வாங்க வேண்டும். சுருக்கமாக எல்.சி. கரண்டை நிறுத்தியதற்கு அத்தாட்சி. வேலை முடிந்ததும் வாங்கியவரே வந்து அதைத் திருப்பித் தர வேண்டும். வேறு யார் சொன்னாலும், மந்திரியே வந்து நின்றாலும், கரண்ட் விடக் கூடாது. அப்போது நான் உதவிப் பொறியாளர், ஏ.ஈ. வீட்டில் ஃபேன் மாட்டும்போது ஏழு வயசு சுடர் மெயின் சுவிட்ச் பக்கத்தில் முக்காலி போட்டு நிற்பாள். "எல்.சி. குடுத்தாச்சு சார்!" என்று கத்துவாள். நான் கீழே இறங்கி, "எல்.சி. ரிட்டர்ன். ஆள் விலகியாச்சு, லைனை சார்ஜ் பண்ணலாம்" என்று முழுசாகச் சொன்னால்தான் சுவிட்சைப் போடுவாள். ஒருநாள் சட்னி அரைக்க வேண்டும் என்று வசுமதி கெஞ்சியும் போடவில்லை. "நீ வாங்கலையே, அப்பாதானே வாங்கினாரு!" என்றது அந்த வாண்டு.

லாக் புக்கில் இதெல்லாம் எதற்கு? அடித்துவிட வேண்டும். பிறகு பார்க்கலாம்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

வேலை நிறுத்தம். எதைத் தொட்டாலும் ஏதாவது பழசு அழிந்துவிடுமோ என்று பயம். சும்மா திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வசுமதி காபியை வைத்துவிட்டு, "ஏங்க, ஆட்டோ பேக்கப்னு ஒரு ஃபோல்டர்ல வாரா வாரம் தானா எடுத்து வச்சிருக்குமாம். அதை முதல்ல காப்பி எடுங்க. அப்புறம் எது போனாலும் பயமில்ல" என்றாள்.

எனக்கு ஒரு வாய்க் காபி மூக்கில் ஏறிவிட்டது.

"உனக்கு யார் சொன்னது?"

"யூடியூப்ல வந்துச்சு."

வத்தக்குழம்பு வீடியோ பார்க்கிறவளுக்கு யூடியூப் இதையும் காட்டுகிறதா? காலம் கெட்டுக் கிடக்கிறது. ஆனால் ஃபோல்டர் இருந்தது. மார்ச் வரைக்கும் வாரம் ஒரு ஃபைல் அழகாக அடுக்கியிருந்தது.

"எனக்கும் ஒண்ணு வாட்ஸ்அப்ல அனுப்பி வைங்க, பத்திரமா இருக்கட்டும்" என்றாள். சரி, கிடக்கட்டும் என்று கடைசி ஃபைலை அனுப்பினேன்.

ஆகஸ்ட் 9, சனி

டேட்டாபேஸின் லேட்டஸ்ட் வெர்ஷனை இறக்கி ஓட்டினேன். பிறந்த மாத்திரத்தில் செத்தது. ஆறு தடவை. நான் பேசிய பேச்சைக் கேட்டுப் பக்கத்து வீட்டு ஜன்னல் சாத்தப்பட்டது.

இட்லித் துணியைப் பிழிந்துகொண்டே வசுமதி: "உங்க டப்பா கிழடு. அதோட சிப்புக்குப் புது டேட்டாபேஸ் ஆவாதாம். நாலு புள்ளி நாலு வெர்ஷன் போடுங்க."

"இதுவும் யூடியூபா?"

"ஆமா. லைக் கூடப் போட்டேன்."

நாலு புள்ளி நாலு போட்டேன். ஓடியது. என்ன அக்கிரமம் இது!

ஆகஸ்ட் 10, ஞாயிறு

இரண்டு நாளாக டப்பாவை அணைத்து அணைத்துப் போட்டதில் சூடில்லை. தயிர் உறையவில்லை. வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

பெரிய விபத்து. உயிர்ச்சேதம் இல்லை என்பதால் எழுத முடிகிறது.

டேட்டாபேஸில் பாஸ்வேர்டைத் தப்பாகப் போட்டுத் தொடங்கிவிட்டேன். ஃபோல்டரை அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்று போட்டிருந்தது. அழித்தேன். பக்கத்து ஃபோல்டரையும் சேர்த்து அழித்தேன். ஆட்டோ பேக்கப் அதற்குள்தான் இருந்தது. வெள்ளிக்கிழமை பத்திரமாக எடுத்த காப்பியும், என் புத்தியைச் செருப்பால் அடிக்க, அதற்குள்தான் இருந்தது.

அரை மணி நேரம் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. குட்டி ஏ.ஈ. போயே போய்விட்டாள் என்று தோன்றியதும் கண் கலங்கிவிட்டது. அறுபத்துமூன்று வயசு ஆம்பளை, ஒரு ஃபைலுக்காக.

அப்புறம்தான் வசுமதியின் வாட்ஸ்அப் ஞாபகம் வந்தது. அவள் துணி காயப்போட மாடிக்குப் போயிருந்தாள். அவள் போனை எடுத்து ஃபைலைத் தேடி எனக்கு அனுப்பிக்கொண்டேன். வேறெதையும் பார்க்கவில்லை. அந்த ஃபைல் வெள்ளிக்கிழமையே வேறு யாருக்காவது ஃபார்வேர்டு ஆகியிருக்கிறதா, அதற்குக் கீழே "அப்பாவை நாலு புள்ளி நாலு போடச் சொல்லும்மா, அனிமேஷ் சொல்றான்" என்று பதில் வந்திருக்கிறதா என்பதெல்லாம் எனக்குத் தெரியாது.

பார்க்கவில்லை என்றால் பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 13, புதன்

பத்து மணிக்குப் பேக்கப் உள்ளே போனது. பத்தரைக்குக் கன்ட்ரோலர் எழுந்து உட்கார்ந்தது. புது வெர்ஷன், பளபளவென்று. பாஸ்வேர்டு கேட்டது.

பாஸ்வேர்டு எப்போதும் சுடரின் பிறந்த தேதிதான். போட்டேன். தப்பு. அப்போதுதான் உறைத்தது, ஜூன் 10 அன்று அதையும் மாற்றியிருக்கிறேன். ஆத்திரத்தில் என்னவோ அடித்தேன். என்ன அடித்தேன்? பன்னிரண்டு வரை மண்டையைப் போட்டு உடைத்தேன், வரவில்லை. ஆத்திரத்தில் மாற்றிய பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்று வசுமதியிடம் சொன்னேன்.

அவள் ஒரு நிமிஷம் யோசித்தாள். பிறகு இடுப்பில் கை வைத்துக்கொண்டு ஆரம்பித்தாள். "உங்களுக்கு எதுதான் ஒழுங்கா வந்திருக்கு? எங்கண்ணன் வீட்டு கிரகப்பிரவேசத்துல மெயின் போர்டை எரிச்சது யாரு?"

"அது வயர்மேன் தப்புன்னு நூறு தடவை..."

"அந்த ஸ்கூட்டரை வித்தது யாரு? கல்யாணப் பத்திரிகையில எங்கப்பா பேரைத் தப்பா அடிச்சது யாரு? நீங்கெல்லாம் ஏ.ஈ.ன்னு எப்படித்தான் ஒத்துக்கிட்டாங்களோ!"

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "எல்லாம் எக்கேடு கெட்டுப் போங்க!" என்று கத்தினேன்.

கத்திய வேகத்தில் நின்றேன். இரண்டு பேரும் ஒருத்தரையொருத்தர் பார்த்துக்கொண்டோம். ஆங்கில எழுத்தில் 'எக்கேடுகெட்டுப்போ' என்று அடித்தேன். திறந்தது.

"வாங்க, சாப்பிடலாம்" என்று சிரித்துக்கொண்டே போனாள். கெட்டிக்காரி.

பிற்பகல்.

பட்டியல் வந்துவிட்டது. சாதனங்கள் பதினாறு. தடுக்கப்பட்டவை: இரண்டு.

புது வெர்ஷனில் ஒரு வசதி. தடுக்கப்பட்ட சாதனத்தைத் தொட்டால், அது எப்போதெல்லாம் இணைய முயன்றது என்று காட்டுகிறது. பழைய வெர்ஷன் இதைக் குறித்து மட்டும் வைத்திருக்கிறது, காட்டியதில்லை. 'குட்டி ஏ.ஈ. போன்' என்பதைத் தொட்டேன்.

ஜனவரி 14. காலை 10.41 முதல் 10.58 வரை. இணைய முயன்றது: பதினொரு முறை. இடம்: போர்ட்டிகோ.

ஜனவரி 14 பொங்கல். போர்ட்டிகோ பெட்டி கேட்டைத் தாண்டிப் பத்தடிக்கு மேல் எட்டாது.

எனக்கு ஞாபகம் இருக்கிறது. வாசலில் பானை பொங்குகிற நேரம். கேட்டை ஒட்டி ஒரு ஆட்டோ ரொம்ப நேரமாக நின்றுகொண்டிருந்தது, பக்கத்துப் படுதாவை இறக்கிவிட்டு. யார் உள்ளே என்று பார்க்கவில்லை. "யோவ், நல்ல நாளும் அதுவுமா வாசலை மறிச்சிக்கிட்டு! வண்டியை எடுய்யா!" என்று நான்தான் கத்தினேன். எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

என் பிள்ளை வாசல் வரை வந்திருக்கிறாள். நான் துரத்திவிட்டேன். பானை பொங்கியதும் கைதட்டி வேறு சிரித்தேன்.

தடையை எடுக்கும் பட்டன் அங்கேயே இருக்கிறது. அமுக்கவில்லை.

ஆகஸ்ட் 14, வியாழன்

"அப்டேட் முடிஞ்சுதா?" என்று மூன்று முறை கேட்டாள் வசுமதி. முடிந்தது என்றேன்.

"எல்லாமே முடிஞ்சுதா?"

"ஒண்ணு பாக்கி."

உறை ஊற்றிய கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய் டப்பா மேல் வைத்தாள்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

முதலில் போட்ட திட்டம்: சத்தமில்லாமல் தடையை எடுத்துவிட்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி இருப்பது. அவளுக்குத் தெரியாதவரைக்கும் அது சரி. ஏழு மாசமாகத் தெரிந்து வைத்துக்கொண்டிருக்கிறவளிடம் அந்த நாடகம் போட்டால் அதைவிடக் கேவலம் கிடையாது.

கட் பண்ணினவன் முகத்தைக் காட்டித்தான் கனெக்‌ஷன் கொடுக்க வேண்டும். பயமாக இருக்கிறது. பதினோராயிரம் வோல்ட்டுக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறேன், அப்போதெல்லாம் இப்படி இருந்ததில்லை.

ஆகஸ்ட் 16, சனி

10.45-க்கு ஆட்டோ வந்து நின்றது. நான் போர்ட்டிகோவில் லேப்டாப்பை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தேன். வசுமதி ஆரத்தித் தட்டோடு பின்னால்.

சுடர் இறங்கினாள். இளைத்திருக்கிறாள். பின்னால் அந்தப் பையன், இரண்டு பெட்டியையும் தானே தூக்கிக்கொண்டு, என்னைப் பார்த்துப் பெட்டியோடே கும்பிடப் பார்த்து ஒன்றைக் காலில் போட்டுக்கொண்டான்.

சுடர் உள்ளே வரவில்லை. கேட்டுக்கு வெளியிலேயே நின்று போனை எடுத்துப் பார்த்தாள். அந்தக் கீறல் விழுந்த போன்.

"இன்னும் புடிக்கலப்பா" என்றாள். பதினான்கு மாதத்துக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் வார்த்தை.

"தெரியும்மா. பொங்கல் அன்னைக்குப் பதினொரு தடவை பாத்திருக்க. இப்பத்தான் எனக்குக் காட்டிச்சு. ஆட்டோவை நான்தான்..."

அவள் தலையை ஆட்டினாள். "போன்ல அந்த நெட்வொர்க்கை அழிச்சிட்டுத் திரும்பச் சேத்திருந்தா, வேற போன் மாதிரி வேற முகவரியில புடிச்சிருக்கும்பா. ஒரு நிமிஷ வேலை. எனக்குத் தெரியாதா?"

"ஏன் செய்யல?"

"எல்.சி. வாங்கினது நீங்கதானே" என்றாள்.

"அப்பாவும் பொண்ணும் உள்ள வந்து பேசுங்களேன், கற்பூரம் கரையுது!" என்று வசுமதி கத்தினாள். இரண்டு பேரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

நான் எழுந்து நின்றேன். லேப்டாப்பை ஒரு கையில் பிடித்துக்கொண்டு அவளுக்குத் தெரிகிற மாதிரித் திருப்பினேன். இரண்டு தடையையும், ஒன்றன்பின் ஒன்றாக, எடுத்தேன்.

"எல்.சி. ரிட்டர்ன்" என்றேன். "ஆள் விலகியாச்சு. லைனை சார்ஜ் பண்ணலாம்." சொல்லிவிட்டு, "தப்பு என்னுதும்மா" என்றும் சொன்னேன். அது மின்வாரிய வழக்கத்தில் இல்லை.

நாற்பது விநாடி ஆயிற்று. தெருவில் கீரைக்காரம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் அந்தக் கீறல் போன் டிங், டிங் என்று விடாமல் அடிக்க ஆரம்பித்தது.

"சார்ஜ் ஆயிடுச்சு சார்!" என்று கத்திக்கொண்டு உள்ளே ஓடி வந்தவள், ஆரத்திக்குக்கூட நிற்காமல் என்மேல் விழுந்தாள். லேப்டாப் கீழே விழுந்தது. மூலை நெளிந்துவிட்டது.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

பணி நிறைவு. கன்ட்ரோலர், டேட்டாபேஸ் இரண்டு கண்டெய்னரும் சீராக ஓடுகின்றன. பேக்கப் மூன்று இடத்தில், மூன்றும் வேறு வேறு ஃபோல்டரில். பாஸ்வேர்டு பழையபடி மாற்றப்பட்டது.

புதிய சாதனம் ஒன்று பட்டியலில் சேர்ந்தது. என்ன பெயர் வைப்பதென்று தெரியாமல் 'விருந்தாளி போன்' என்று அடித்தேன். அந்தப் பையன் எதிரே உட்கார்ந்து, நாலு புள்ளி நாலில் ஏன் ஓடுகிறது என்று உடைந்த தமிழில் எனக்கு அரை மணி நேரம் விளக்கியதைக் கேட்ட பிறகு மாற்றிவிட்டேன்.

சாதனங்கள்: பதினேழு. தடுக்கப்பட்டவை: இல்லை.

தயிர் கெட்டியாக உறைந்திருந்தது. மாப்பிள்ளை இரண்டு தடவை வாங்கிப் போட்டுக்கொண்டார்.